கோன மல்லய்யா சந்நிதியில் உங்கள் பெயர் கெட்ட விதம்

மகா-ள-ஸ்ரீ மாப்பிள்ளை வீரேஷ் அவர்களுக்கு, பேதஞ்செர்லாவிலிருந்து மாமனார் மத்திலேட்டி அநேக ஆசீர்வாதங்கள் செய்து எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். ஹூப்ளியில் தாங்களும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே க்ஷேமமாக இருக்கவேண்டும் என்று கோன மல்லய்யாவை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் மாமா ஏன் பழைய காலத்து ஆள் மாதிரி கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். என் போன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அருவிக்கு அடியில் கிடக்கிறது. வீட்டில் இருக்கிற மற்றப் போன்களில் உங்களோடு பேசுவதென்றால் ஸ்பீக்கரில் போட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்கும்படிதான் பேசவேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. உத்தரவு போட்டது யார் என்று போகப்போகத் தெரியும். அதனால் கல் பட்டறையில் வந்து ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு நம் லாரி டிரைவர் காஜா ஹூசேன் ஹூப்ளிக்குக் கல் ஏற்றிக்கொண்டு வருகிறான். அவன் கையிலேயே கொடுத்து, உங்கள் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்ரவந்தி சிராவண மாசத்தில் உங்களோடு கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாளே, அன்றிலிருந்து அவள் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை மாப்பிள்ளை. என்னம்மா நடந்தது என்று கேட்டால், "அவங்க அம்மாவுக்கு என் கையால செஞ்சது வாயில வைக்க முடியலையாம் நாயினா" என்று ஒரே வாக்கியம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சாயங்காலமானால் மொட்டை மாடியில் போய் நின்றுகொண்டு ரயில் போகிற திசையைப் பார்ப்பாள். யாரைப் பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ஹூப்ளி அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, மல்லய்யா இருக்கிற கோனா அருவியில் நாலு வருஷத்துக்கு அப்புறம் தண்ணீர் விழுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கார்த்திக மாசம் வேறு. வன போஜனத்துக்கு வன போஜனமும் ஆச்சு, மல்லய்யா தரிசனமும் ஆச்சு, பெண் முகத்திலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்த மாதிரி ஆச்சு என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்ல யோசனை எனக்கு வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். வந்தால் இப்படித்தான் வரும்.

ஆட்டோ பேசி, அண்டா நிறையப் புளியோதரை ஏற்றி, உங்கள் மாமியார் சுங்கம்மாவும் ஸ்ரவந்தியும் பின்னால், நான் டிரைவர் பக்கத்தில் பாதித் தொடை வெளியில் என்று போய்ச் சேர்ந்தோம். கோனாவில் நிற்க இடமில்லை. ஆதோனியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம் வந்து இறங்கியிருக்கிறது. நெல்லி மரத்துக்கு ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அடுப்பு. நாங்களும் ஒரு மரத்தடியைப் பிடித்து அண்டாவை இறக்கினோம். அந்த நேரம் பார்த்து, டோன் ஊரிலிருந்து வந்த ஒரு வேனிலிருந்து, ஆரஞ்சுப் பட்டுப்புடைவையும் கையில் ஒரு டிபன் கேரியருமாக இறங்குகிறவர் யார் என்று பார்க்கிறேன். உங்கள் அம்மா! சம்பந்தி பர்வதம்மா!

சுங்கம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மறைஞ்சுக்கோங்க!" என்றாள். நான் ஏனம்மா மறைய வேண்டும், நான் என்ன திருடினேனா என்று கேட்டிருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மறையச் சொன்னால் முதலில் மறைந்துவிட்டு அப்புறம்தான் காரணம் கேட்டுப் பழக்கம். மரத்துக்குப் பின்னால் போனேன். நெல்லி மரம் எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். நான் எவ்வளவு அகலம் என்பதும் தெரியும்.

"என்ன அண்ணய்யா, மரத்துக்குப் பின்னாடி ஏதாவது தொலைச்சுட்டீங்களா?" என்று உங்கள் அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். முன்னாள் சர்பஞ்சு, ஊராட்சித் தலைவர் அல்லவா, மைக் இல்லாமலே மூன்று ஊருக்குக் கேட்கும்.

"இல்லம்மா, நெல்லிக்காய் காய்ச்சிருக்கான்னு பார்த்தேன்" என்றேன்.

"காய் மேல இருக்கும். நீங்க வேரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்ரவந்தியை ஒரு பார்வை பார்த்தார், சுங்கம்மாவை ஒரு பார்வை பார்த்தார், விறுவிறுவென்று ஓடையைத் தாண்டிக் கோயில் பக்கம் போய்விட்டார். அவரோடு வந்த பெண்கள் கல் வழுக்குகிறது என்று கரையிலேயே நின்றுவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு வழுக்குகிற கல்லெல்லாம் ஒரு பொருட்டா?

திரும்பிப் போய்விடலாம் என்றாள் சுங்கம்மா. ஸ்ரவந்திதான், "மல்லய்யா அவங்களுக்கு மட்டும் சாமியா? வாங்க" என்று முன்னால் நடந்தாள். அண்டாவை ஆட்டோக்காரன் பொறுப்பில் விட்டோம். புளிச்சக்கீரை ஊறுகாய் ஜாடியை மட்டும் சுங்கம்மா யார் பொறுப்பிலும் விடமாட்டாள், அது அவள் இடுப்பிலேயே வந்தது.

மழைக்காலத்தில் நீங்கள் கோனாவைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். வெயில் காலத்தில் பார்த்திருந்தால் அது வெறும் பாறை, ஆடு கூட நிற்காது. இப்போது மேலேயிருந்து கொட்டுகிற கொட்டில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. தண்ணீருக்குப் பின்னால் குகை, குகைக்குள் மல்லய்யா. பக்கவாட்டுப் பாறை வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அந்த இடத்தில் நின்று, பெண் அருவியைப் பார்த்து லேசாக முகம் மலர்ந்தாளே, அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். சத்தியமாக உங்களுக்காகத்தான் எடுத்தேன் மாப்பிள்ளை. ஒரு அடி பின்னால் வைத்தேன். பாசி. போன் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கீழே மடு. அந்த வினாடியில் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பஞ்சகச்சத்தைக் கொத்தாகப் பிடித்தது.

பிடித்தது உங்கள் அம்மா. பிடித்த பிடியில் நான் நின்றுவிட்டேன், உயிரும் உடம்பில் நின்றுவிட்டது, வேட்டி மட்டும் நிற்கவில்லை. அது முழுசாக அவர் கையோடு போய்விட்டது. உள்ளே நிக்கர் போட்டிருந்தேன், கோடு போட்ட நிக்கர், மல்லய்யா சாட்சி. ஆதோனி பஸ் ஜனமெல்லாம் பார்த்தது. நான் பாறையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், உங்கள் அம்மா என் வேட்டியைக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸ்ரவந்தி! மூன்று மாசத்துக்கு அப்புறம் என் பெண் சிரிக்கிறாள். அதைப் பார்த்து உங்கள் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், உடனே ஞாபகம் வந்து இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மானம் போனால் போகட்டும், இன்னொரு வேட்டி இருந்தால் அதையும் கொடுத்து இன்னொரு தரம் விழுந்திருப்பேன்.

குகைக்குள் போய் வேட்டியைக் கட்டி முடிப்பதற்குள் வெளியே கூச்சல். மலைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டதாம். ஓடைத் தண்ணீர் செம்மண் நிறமாகி, தாண்டுகிற கல்லெல்லாம் முழுகிவிட்டது. பூசாரி சித்தய்யா வந்து பார்த்து, "தண்ணி வடியிற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது. சாயங்காலம் ஆகும். மல்லய்யா உங்களை விட மாட்டேங்கிறார்" என்றார். குகையின் இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் உங்கள் அம்மா, நடுவில் ஆதோனி ஜனம், வெளியில் தண்ணீர். புளியோதரை அக்கரையில்.

மத்தியானம் திரும்பியது. உங்கள் அம்மா டிபன் கேரியரைத் திறந்தார். சோள ரொட்டி, பதமாக அடுக்கி வைத்திருந்தார். ஆனால் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, வேர்க்கடலைப் பொடி வேனிலேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் சுங்கம்மாவின் மடியில் ஊறுகாய் ஜாடி, அதோடு சேர்த்துச் சாப்பிட ஒரு பருக்கை இல்லை. அவர் வெறும் ரொட்டியைப் பிய்த்து மென்றுகொண்டிருக்கிறார். இவள் ஜாடியைத் திறந்து வாசம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருக்கிறாள். கேட்டால் கொடுத்திருப்பார்கள், இரண்டு பேரும் கேட்கமாட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து வயிற்றில் ஈரத்துணி. கடைசியில் சித்தய்யா பசி பொறுக்காமல் ஒரு இலையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் இரண்டு ரொட்டி வாங்கினார், இந்தப் பக்கம் வந்து ஒரு கை ஊறுகாய் வாங்கினார், எங்கள் எல்லோருக்கும் எதிரில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார். "ரொட்டி அமிர்தம், ஊறுகாய் அதைவிட" என்று வேறு சொன்னார்.

அப்போது உங்கள் அம்மா ஸ்ரவந்தியைப் பார்த்து ஏதோ சொன்னார். அருவிச் சத்தத்தில் சரியாக விழவில்லை. சுங்கம்மா என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? 'பொழைச்சுட்டே'ன்னு சொல்றாங்க! என் பொண்ணு அவங்ககிட்டேர்ந்து தப்பிப் பொழைச்சுட்டாளாம்!" என்று எழுந்துவிட்டாள். "அவங்களே ஒத்துக்கிறாங்க பாருங்க!"

"நான் 'இளைச்சுட்டே'ன்னு சொன்னேன் வதினே!" என்று உங்கள் அம்மா சுங்கம்மாவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "பொண்ணு இளைச்சுட்டா! நீங்க சோறு போடுறீங்களா இல்லையா?"

இப்படி நிலைமை மேலும் கெட்டது. அருவிச் சாரலில் நனைந்த புடைவையோடு ஸ்ரவந்திக்குக் குளிர் எடுத்து நடுக்கம் கண்டுவிட்டது. உங்கள் அம்மா எழுந்து வந்து, தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அவள் மேல் போட்டுவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, நன்றியென்று சொல்லவும் இல்லை. போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அர்ச்சனையாவது செய்கிறேன் என்று சித்தய்யா எழுந்தார். பெயர் நட்சத்திரம் சொன்னவர்களுக்கெல்லாம் பேர் பேராகச் செய்தார். இந்த மனுஷரிடம் ஒரு குணம், சொன்ன பெயரை அவர் மல்லய்யாவுக்குக் கேட்கவேண்டுமென்று அருவியை மீறிக் கத்தித்தான் சொல்லுவார். முதலில் ஸ்ரவந்தி எழுந்து போய் அவர் காதில் ஏதோ சொன்னாள். உங்கள் பெயரைச் சொல்லுவாள் என்று நான் நினைத்தேன். சொன்னாள்தான், ஆனால் இரண்டாவதாக. சித்தய்யா எடுத்த எடுப்பில், "பர்வதம்மா நாமதேயஸ்ய! முழங்கால் வலி நிவர்த்தி அர்த்தம்!" என்று குகையே அதிரக் கத்தினார்.

உங்கள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயிலிருந்த ரொட்டியை மெல்லவில்லை.

அடுத்து அவர் முறை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார், காதில் சொன்னார். சித்தய்யா ஒரு தரம் ஸ்ரவந்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஸ்ரவந்தி நாமதேயஸ்ய! சீக்கிரமேவ ஸ்வக்ருஹப் பிராப்தி அர்த்தம்!" என்றார். ஆதோனி ஜனத்தில் ஒரு அம்மாள், "அப்படின்னா?" என்று கேட்டார். "மருமக வீட்டுக்குத் திரும்பி வரணுமாம்" என்று சித்தய்யா அதையும் அதே குரலில் சொன்னார்.

அப்புறம் நடந்ததை உட்கார்ந்து படியுங்கள் மாப்பிள்ளை. ஏனென்றால் இதிலிருந்து உங்கள் பங்கு ஆரம்பமாகிறது.

ஸ்ரவந்தி எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். "இவ்வளவு ஆசை இருக்கிறவங்க, சிராவணப் பண்டிகைக்கு வாங்கன்னு கூப்பிட்டப்போ ஏன் வரமாட்டேன்னீங்க அத்தம்மா? என் கையால செஞ்சது வாயில வைக்க முடியாதுன்னு ஏன் சொன்னீங்க?" என்று கத்தினாள். கோபத்தில் கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னால் கேட்காது என்பதால் கத்தினாள். அருவிக்குப் பக்கத்தில் ரகசியம் பேச முடியாது, அதுதான் உங்களுக்கு வந்த கஷ்டம்.

"நானா?" என்றார் உங்கள் அம்மா. "நான் பையைக் கட்டி வாசல்ல வெச்சிருந்தேன். நீதானே, மாமியார் வந்தா எனக்குத் தொந்தரவு, வரவேண்டாம்னு சொல்லச் சொன்னே?"

"நானா? நான் உங்களுக்காக அறையெல்லாம் ஒழிச்சு வெச்சிருந்தேன்!"

"உனக்கு யாரு சொன்னா?"

"உங்க பிள்ளை. உங்களுக்கு யாரு சொன்னா?"

உங்கள் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆதோனி ஜனத்தில் அதே அம்மாள், "ரெண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் சொல்லியிருக்கான்!" என்று மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னார்.

உங்கள் பக்கம் பேச அங்கே ஒருவன் இருந்தான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எழுந்து, "அம்மா, பையன் கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டார்" என்றேன்.

"வேற எந்த எண்ணத்துல சொன்னானாம்?" என்றார் உங்கள் அம்மா.

சங்கராந்திக்கு அம்மா வந்திருந்தபோது என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் ஒரு தரம் தனியாகச் சொன்னீர்களே, தினம் இரண்டு பருப்பு வைத்து, யார் வைத்தது நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள், நான் அடுக்களையில் ஒன்று சொல்லி, பின்கட்டில் ஒன்று சொல்லி, வேலைக்குப் போவதற்குள் வேர்த்துப்போனேன் என்று. அந்தக் கேள்விக்குத் தப்பில்லாத பதில் ஒரு ஆண்பிள்ளைக்குக் கிடையாது, எனக்குத் தெரியும். பண்டிகைக்கு ஒரு தரமாவது தப்பிக்கலாம் என்று நீங்கள் செய்த காரியம் இது என்பதும் எனக்கு அந்த வினாடியே புரிந்துவிட்டது. அதையே கொஞ்சம் நயமாக எடுத்துச் சொன்னேன். நயமாகச் சொன்னால் அங்கே கேட்காது. ஆகவே கத்திச் சொன்னேன். சொல்லி முடித்தபோது குகையில் இருந்த அத்தனை பெண்களும் என்னைப் பார்த்த பார்வையில், கட்டின வேட்டி மறுபடியும் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"அட பாவி! ஒரு பருப்புக்காகவா ஒரு குடும்பத்தைப் பிரிச்சான்?" என்றார் ஆதோனி அம்மாள். அவர் வீட்டுக்காரர், "பையன் எங்க வேலை?" என்று கேட்டார். சுங்கம்மா சொல்லிவிட்டாள். "ஹூப்ளியா? என் தம்பி அங்கதான் இருக்கான், எந்தத் தெரு?" என்றார். அதையும் சொல்லிவிட்டாள். நான் தடுப்பதற்குள் வீட்டு அடையாளம் கூடப் போய்விட்டது. மாப்பிள்ளை, ஆதோனியில் உங்களுக்கு இப்போது நல்ல பெயர் இல்லை. அந்தப் பக்கம் ஏதாவது வேலையிருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

ஆனால் இதையும் கேளுங்கள். உங்கள் அம்மா தரையில் உட்கார்ந்து ஸ்ரவந்தியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தன் முந்தானையாலேயே அவள் தலையைத் துவட்டினார். துவட்டத் துவட்டத் திட்டினார். "அவன் சொன்னா நீ நம்பிடுவியா? எங்கிட்ட ஒரு போன் போட்டு, ஏன் கிழவி இப்படிச் சொன்னேன்னு சண்டை போட்டிருக்க வேண்டியதுதானே? சண்டை போடத் தெரியாத பொண்ணு என் வீட்டுக்கு எதுக்கு?" என்றார். ஸ்ரவந்தி, "அடுத்த தடவை போடுறேன் அத்தம்மா" என்று அழுதுகொண்டே சொன்னாள். சுங்கம்மா ஜாடியைத் திறந்துகொண்டு போய் அவர்கள் நடுவில் வைத்தாள். ரொட்டி மூன்றாகப் பிரிந்தது. நான்காவதாக ஒருவன் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் மறந்துவிட்டது, அதனால் பரவாயில்லை, பார்த்தே பசி ஆறியது என்று எழுதினால் பொய். ஆறவில்லை. சித்தய்யாதான் தன் இலையில் மிச்சம் வைத்திருந்த அரை ரொட்டியைக் கொடுத்தார்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார்கள், நடுவில் ஸ்ரவந்தி. அக்கரையில் புளியோதரை ஆட்டோக்காரனும் டோன் பெண்களும் சாப்பிட்டது போக அடியில் கொஞ்சம் இருந்தது. வேன் கிளம்பியபோது உங்கள் அம்மா அதில் ஏறவில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்று சொல்லி எங்கள் ஆட்டோவில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறார். ஸ்பீக்கர் உத்தரவு அவருடையதுதான். தினம் மூன்று பேரும் சேர்ந்து சமைக்கிறார்கள், சமைத்துக்கொண்டே உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பருப்பு மட்டும் வைப்பதில்லை. வைத்து யாரைக் கேட்பது, கேட்டால் பொய் சொல்லக்கூடிய ஆள் இங்கே இல்லையே என்கிறார்கள்.

ஆகையால் மாப்பிள்ளை, தாங்கள் ஒன்றுக்கும் பயப்படவேண்டாம். நான் எல்லோரையும் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பு அசையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் லீவு போட்டு இங்கே வந்து, வாசலிலேயே உங்கள் அம்மா காலில் விழுந்து, பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. இடையில் யாராவது பருப்பைப் பற்றிக் கேட்டால், வாயில் வெற்றிலை இருக்கிற மாதிரி நடியுங்கள். ஸ்ரவந்தி உங்கள் மேல் கோபமாக இருப்பதாகத்தான் சொல்கிறாள். ஆனால் நேற்றும் மொட்டை மாடிக்குப் போனாள். அதை அவள் சொல்லச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஞாயிறு வரைக்கும் எல்லோரும் இங்கேயே பொறுமையாகக் காத்திருப்பார்கள், அதற்கு நான் ஜவாப்தாரி.

கோன மல்லய்யா அருளால் தாங்கள் நீண்ட ஆயுளோடும், கூடியவரை உண்மையோடும், வீடு நிறைந்த மனுஷரோடும் வாழவேண்டும் என்று வாழ்த்தும்,
மாமனார்
மத்திலேட்டி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாபுன்னி சாவியை நீட்டி, "மூணு பேரும் பெட்டியோட காலை ரயிலுக்கே ஹூப்ளி கிளம்பிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்கிறாள். சோறு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். "பசிச்சா ஹூப்ளிக்கு வரட்டும்னு சொன்னாங்க" என்றாள். ஆகவே கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வரவேண்டாம், இங்கே யாருமில்லை. படித்து முடித்ததும் ஜன்னல் வழியாக மெதுவாகத் தெருவைப் பாருங்கள். கல் லாரியில் காஜா ஹூசேனுக்குப் பக்கத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். உள்ளே நிலவரம் எப்படி என்று ஒரு சைகை காட்டினால் இறங்கி வருகிறேன். சாப்பாடு ஏதாவது மிச்சம் இருந்தால் அதற்கும் ஒரு சைகை காட்டவும்.